லண்டன் மேடையில் அக்காவின் அழுகை

என் மச்சான் சேலை உடுத்து என் அக்காவாக அழுததை நான் முதன்முதலில் பார்த்தது ஊர்காவற்றுறை இறங்குதுறையில். அனலைதீவுப் படகு இன்னும் வரவில்லை. கரையில் ஒதுங்கிய கடற்புல் வெயிலில் அவிந்து கிடந்தது. கூழ் முட்டையும் பழைய நெத்தலியும் சேர்ந்தாற்போல ஒரு நாற்றம். ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மற்றக் கையில் போனைப் பிடித்திருந்தேன்.

திரையில் ஒரு பெரிய மண்டபம். ஊதாச் சேலை, நரைத்த பொய்முடி, நெற்றி நிறையத் திருநீறு. அவன் மேடையில் குந்தினான். தலையில் அடித்து, "ஐயோ என்ர ஐயா" என்று ராகம் எடுத்தான். பாதியில் சட்டென்று நிறுத்தினான். மூக்கைச் சீறி முந்தானையில் துடைத்தான். கைப்பையைத் திறந்து சின்னக் கண்ணாடி பார்த்து, முகத்துக்குப் பவுடர் ஒற்றினான். பிறகு எங்கோ நிற்கும் கமராக்காரனிடம் ஆங்கிலத்தில் மிகுந்த மரியாதையோடு கேட்டான்: எந்த இடத்தில் விட்டது?

மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். மூக்கிலிருந்து கை விலகிச் சிரித்தேன். திறந்த வாய்க்குள் அந்த நாற்றம் போனது. காறித் துப்பினேன். துப்பியும் போகவில்லை.

அதைவிடக் கேவலமான ஒன்று. சிரித்து முடிந்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு அக்கா அல்ல. கடைசியில் ஓடிய பெயர்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எழுதியவர் அவன். நடித்தவர் அவன். என் பெயர் எங்கேயும் இல்லை. நெஞ்சு எரிந்தது. அக்காவுக்காக நெஞ்சு எரியப் படகு வந்து, ஏறி, பாதிக் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

அவன் என் மாமியின் மகன்; ஐயாவின் தங்கையின் ஒரே பிள்ளை. என்னைவிட ஒரு வயது இளமை. போரில் தீவை விட்டு எல்லோரும் எழும்பிய காலத்தில், பதினான்கு வயதில், சித்தப்பன் ஒருவரோடு கொழும்புக்குப் போய், அங்கிருந்து லண்டன் போய்விட்டான். மாமி எங்களோடு நின்றாள். பிறகு கூப்பிட்டபோதும் அங்கே குடியேறப் போகவில்லை. ஒரே ஒரு தடவை போய், குளிரில் கைவிரல் மடங்காமல், இரண்டு மாதத்தில் திரும்பி வந்து சொன்னாள்: "அங்க ஆக்கள் வீட்டுக்குள்ளயும் சப்பாத்தோட நடக்கினம். எனக்கு ஏலாது."

லண்டனில் அவன் படித்தான், படிப்பை விட்டான், பெற்றோல் நிலையத்தில் இரவுவேலை செய்தான். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ரசீதுச் சுருளின் பின்புறத்தில் பகிடி எழுதினான். மதுக்கடைகளின் மேல்மாடியில் பத்துப் பேர் முன்னால் ஐந்து நிமிடம் பேச விடுவார்களாம். அங்கே போய்ப் பேசினான். யாரோ ஒருவன் உருளைக்கிழங்குப் பொரியலை எறிந்தானாம். அதை எடுத்துத் தின்றுவிட்டு உப்புக் காணாது என்றானாம். அதுதான் முதல் கைதட்டு. தொலைக்காட்சியில் முகம் காட்ட அவனுக்குப் பல வருஷம் எடுத்தது. களவு போகிற கடையின் முதலாளி, ஒரேயொரு வசனம் பேசுகிற டாக்குத்தர், வாடகைக்கார் ஓட்டி. ஒருமுறை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிரேதம். மாமி அந்தப் பிரேதக் காட்சியைப் பார்த்துவிட்டு மூன்று நாள் சாப்பிடாமல் கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள். அவனுக்கு அதுவும் பகிடி.

முகம் காட்டாத நேரத்தில் மற்றவர்களுக்கு எழுதினான். வானொலியில் வெள்ளைக்காரப் பகிடிக்காரர் சொல்லுகிற வரிகள் இவனுடையவை. ஆள் தெரியாமல் எழுதுகிறதில் ஒரு கசப்பு உண்டு என்று எனக்குச் சொன்னவன் அவன்தான். "என்ர வாயாலதான் அவன் சிரிக்க வைக்கிறான் மச்சான். ஆனா கை தட்டு அவனுக்கு" என்றான். நான் "ஓமடா, அநியாயம்" என்றேன். இதைச் சொன்னவன் பிறகு எனக்கு என்ன செய்தான் என்று எண்ணிப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. நல்ல சிரிப்பல்ல, ஏவறை மாதிரி மேலே வருகிற ஒன்று.

ஒரு நாள் கேட்டான்: "ஊர்க்கதை ஏதும் சொல்லு மச்சான். எனக்கு எல்லாம் மறந்து போச்சு."

சொன்னேன். பத்து வருஷம் சொன்னேன். எழுதி அனுப்பவில்லை, குரலாகப் பதிந்து அனுப்பினேன். கிணற்றடியில் நின்று, பனங்கூடலுக்குள் நின்று, படகில் இயந்திரச் சத்தத்தோடு. ஆட்டுக்கு ஜாதகம் பார்க்கப் போனவரின் கதை, கலியாணவீட்டில் இரண்டு சம்பந்திகளும் ஒரே கதிரைக்குச் சண்டை பிடித்த கதை. அவன் பதிலாகச் சிரிப்பை மட்டும் பதிந்து அனுப்புவான். சொல் ஒன்றும் இராது. அரை நிமிடம் மூச்சுத் திணறித் திணறிச் சிரிப்பு. அதை நான் திரும்பத் திரும்பக் கேட்பேன். நான் எழுதி அச்சடித்த வசன கவிதைப் புத்தகங்கள் அலுமாரியின் கீழ்த்தட்டில் கட்டவிழ்க்காமல் கிடந்தன. கறையான் மட்டும் வாசித்தது. உலகத்தில் என் சொல்லுக்கு உடம்பால் பதில் சொன்னது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். அதற்காக நான் எதையும் விற்றிருப்பேன். விற்றேன்.

ஐயா செத்தபோது கனடாவில் இருந்த என் தம்பிக்கு வர வழியில்லை. அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை. வெளிக்கிட்டால் திரும்ப விடமாட்டார்கள். இப்போது எங்கள் தீவுகளில் செத்தவீடு என்றால் பறைமேளத்துக்குச் சொல்லும்போதே கமராவுக்கும் சொல்லுவார்கள். பாதிப் பிள்ளைகள் கடலுக்கு அப்பால். அவர்கள் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தடித்த மனிதர் படகில் கமராக்களோடு வந்தார். எங்கள் வளவில் சிக்னல் கிடைக்காது. இணையப் பெட்டியை முருங்கை மரத்தில் கட்டினார். தம்பி வேலை உடுப்போடு, ஏதோ கார்த் தரிப்பிடத்தில், பனிக்குள் நின்று பார்த்தான்.

அக்கா ஒப்பாரி சொல்லி அழுதாள். எங்கள் பகுதியில் செத்தவருடைய மகள்தான் முதற்குரல் எடுக்க வேண்டும். அவள் தொடங்காமல் மற்றப் பெண்கள் தொடங்க மாட்டார்கள். அக்கா கல்யாணம் முடிக்கவில்லை. ஐயாவோடுதான் நாற்பது வருஷம். ஐயாவின் செருப்பைச் சொன்னாள், கிணற்றைச் சொன்னாள், ஐயா உப்புக் குறைத்துக் குடித்த கஞ்சியைச் சொன்னாள். பிறகு தம்பியிடம் வந்தாள். "தோணி ஏத்தி விட்டனியே என்ர ஐயா, திரும்பி வரப் பாதையொண்டு வைச்சனியோ" என்று அவள் நீட்டியபோது காற்று முருங்கையை உலுப்பியது. கமராக்காரர் கையைத் தூக்கினார்.

"அக்கா, லைன் அறுந்து போச்சு. கனடாவில ஒண்டும் தெரியேல்லையாம்."

அக்கா நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். யாரோ நீட்டிய தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்தாள். அவர் ஏணி வைத்து ஏறிப் பெட்டியைச் சரிப்படுத்தி இறங்கும்வரை, ஐயாவின் காலடியில், கூப்பிட்டால் எழும்பத் தயாராக இருக்கும் ஆளைப்போல இருந்தாள்.

"வந்திட்டுதோ?"

"ஓம் அக்கா, இப்ப ஓகே."

"எந்த இடத்தில விட்டது?"

"தோணியில."

அக்கா தோணியிலிருந்து மறுபடி தொடங்கினாள். அதே வரி, அதே இழுப்பு, அதைவிடக் கூடுதலான கண்ணீர். பனிக்குள் நின்ற தம்பி கேட்கவேண்டிய வரி அது. அவனுக்குக் கேட்டது. அன்றிரவு தொலைபேசியில் குழறி அழுதான்.

நான் கமராக்காரருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்கு அது சோகமாகவும் இருந்தது, பகிடியாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வருகிறதில் தவறில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தவறு அடுத்த கிழமை நடந்தது. கிணற்றடியில் நின்று மச்சானுக்கு அந்தக் கதையைப் பதிந்தேன். பனியில் நின்ற தம்பியைக் கதையில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். அவன் வந்தால் சிரிப்பு நிற்கும். அதுவும் காணாதென்று, "கைப்பையைத் திறந்து பவுடர் போட்டா மச்சான், கமராவில வடிவா விழ வேணுமெண்டு" என்று ஒரு பொய்யைச் சேர்த்தேன். என் அக்கா வாழ்க்கையில் பவுடர் போட்டதில்லை. அவளிடம் கைப்பையும் இல்லை. ஒரு பிளாஸ்ரிக் பை இருக்கிறது, மீன் வாங்கப் போகும்போது கொண்டுபோவாள்.

அவன் சிரிப்பு வந்தது. ஒன்றரை நிமிடம். அதுவரை வந்ததிலேயே நீளமானது.

அந்த ஒன்றரை நிமிடத்திலிருந்து அவனுடைய உண்மையான தொழில் தொடங்கியது என்று சொல்லலாம். முதலில் பத்து நிமிடத் தனியாட்டம்; பிறகு ஒரு மணி நேர மேடை; பிறகு தொலைக்காட்சித் தொடர். அழுதுகொண்டே கமராவுக்கு முகம் காட்டும் தீவுக்காரி, அவனே எழுதி அவனே நடித்தது. பரிசு கொடுத்தார்கள். துயரத்தைப் பார்த்து இவ்வளவு துணிச்சலாகச் சிரித்தவர் இல்லை என்று பத்திரிகையில் எழுதினார்களாம். யார் அந்தப் பெண் என்று கேட்டபோது, "எல்லாம் என் கற்பனை" என்றான். இதைச் சொல்லும்போது தலையை ஒரு பக்கம் சரித்து, அடக்கமாகச் சிரித்தான். அந்த அடக்கத்தைப் பார்க்கத்தான் எனக்கு அதிகமாகக் குமட்டியது. ஓணான் தலை ஆட்டுகிற மாதிரி ஓர் அடக்கம்.

யாரோ தமிழில் எழுத்துப் போட்டு அந்தத் துண்டைக் குடும்பக் குழுவில் விட்டார்கள். ஒரு கிழமைக்குள் தீவு முழுக்கப் பார்த்தது. அக்கா அதைப் பார்த்தது படகடியில், ஐந்தாறு பெண்கள் சுற்றி நிற்க.

"அக்கா, நீங்கள் லண்டனுக்குப் போயிட்டியள். எங்களுக்குச் சொல்லவே இல்லை!"

"உது நானோ?" என்று கேட்டாளாம் அக்கா. "நான் எப்ப பவுடர் போட்டனான்?"

"சும்மா விடுங்கோ அக்கா, பகிடிக்குத்தானே."

வீட்டுக்கு வந்தாள். எனக்குச் சோறு போட்டாள். மீன் குழம்பில் தலைத் துண்டை எனக்கே வைத்தாள். நான் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் ஒழுங்கையின் மறுபக்கத்தில் ஒரு செத்தவீடு. அக்கா போனாள், மற்றப் பெண்களோடு தோளில் கை போட்டுக் குந்தினாள், வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல்: "லைன் வந்திட்டுதோ?" ஒரு சிரிப்பு. இன்னொன்று. பிரேதத்தைச் சுற்றியிருந்த பெண்கள் முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். செத்தவருடைய மகளும் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகப் பிறகு இரட்டிப்பாய் அழுதாள். அக்கா எழும்பி வந்தாள். அதன்பிறகு செத்தவீடுகளுக்குப் போவாள், படலையடியில் நிற்பாள், கும்பிடுவாள், திரும்பி வருவாள். அவள் வாய் திறந்து அழுததை இரண்டு வருஷம் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த இரண்டு வருஷமும் மாமி தன் வீட்டில் படுக்கையில். அக்காதான் பார்த்தாள். குளிப்பாட்டினாள், மலம் எடுத்தாள், முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்டினாள். புண்ணின் வாடை அவளுடைய கையிலிருந்து போகாது. தேசிக்காயைப் பிழிந்து பிழிந்து கழுவுவாள். மாமிக்கு ஒரு பொழுதுபோக்குத்தான்: மகனைப் பார்ப்பது. அக்கா கஞ்சி பருக்க, மாமி போனைக் கையில் வைத்து அந்தத் துண்டைப் பார்ப்பாள். ஒரு நாளைக்கு நாலு தரம், ஐந்து தரம்.

"என்ர பிள்ளை எவ்வளவு வடிவா நடிக்கிறான் பார். அச்சொட்டா உன்னைப்போலவே கிடக்கடி."

"ஓம் மாமி. வாயைத் திறவுங்கோ."

"நீ கோபமோ?"

"கஞ்சி ஆறுது மாமி."

ஒரு மத்தியானம் நான் அங்கே இருந்தேன். மாமி போனை நெஞ்சில் கவிழ்த்து வைத்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்தாள். "நான் பெம்பிளைப் பிள்ளை பெறேல்லை. நான் செத்தா நீதான் சொல்லி அழவேணும். ஊமைப் பிணமா என்னை அனுப்பிப் போடாதை. சொல்லு." அக்கா கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தாள். ஈ ஒன்று கஞ்சிக் கோப்பையின் விளிம்பில் சுற்றியது. "அழுவன் மாமி" என்றாள்.

நான் மச்சானுக்குக் குரல் பதிந்து அனுப்புவதை அதற்கு முன்னரே நிறுத்தியிருந்தேன். சண்டை பிடித்து நிறுத்தவில்லை. காய்ச்சல் என்றேன், வேலை என்றேன். அவனும் விளங்காத மாதிரி இருந்தான். கோழைகள் இருவரும்.

மாமி செத்தாள். உடல் கெடாமல் மருந்தேற்றி, யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் வைத்து, அவன் வந்து சேரும் நாளுக்குப் பெட்டியைப் படகில் ஏற்றினோம். இறங்குதுறையில் அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். வாசனைத் தைலம், விமான வியர்வை, அதற்கடியில் ஏதோ இனிப்பு. முகம் வீங்கியிருந்தது. உண்மையாக அழுதிருக்கிறான். ஆனாலும் அந்தக் கண்! பெட்டியைத் தூக்கிய ஆட்கள் ஒருவருக்கொருவர் ஏசுவதை, ஐயர் தண்ணிக்குப் பயந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்ததை, கரையில் நின்ற நாயை எல்லாம் அந்தக் கண் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தது. பிணத்தில் இலையான் மொய்ப்பதுபோல. எனக்கு நன்றாகத் தெரியும் அந்தக் கண்ணை. நானும் அதே நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மச்சாள் அழுவாவோ?" என்று கேட்டான்.

"தெரியாது."

"அம்மாவுக்கு ஆசை, மச்சான். எனக்குப் போனில சொன்னவ."

கேட்டது மகனா, எழுத்தாளனா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவனுக்கும் பிடிபட்டிருக்காது.

மாமி வீட்டு முற்றத்தில் பந்தல். பெட்டி திறந்திருந்தது. மூன்று நாள் மருந்தின் நெடி, ஊதுபத்தி, மல்லிகை, வெயில். பறை ஒரு சுற்று அடித்து ஓய்ந்தது. பெண்கள் பெட்டியைச் சுற்றி இருந்தார்கள். மாமிக்கு மகள் இல்லை. அண்ணன் மகளான அக்காதான் தொடங்க வேண்டும். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அக்கா பெட்டியின் தலைமாட்டில், வாயை இறுக்கி மூடி, மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் நரம்பு ஏறி இறங்கியது. குரல் அங்கே வந்து வந்து திரும்பிப் போவதை வெளியில் நின்று பார்க்க முடிந்தது.

அதே தடித்த கமராக்காரர். அவர் கமராவை அக்காவின் பக்கம் திருப்பினார். தொழில் அது, அவர்மேல் குறையில்லை. ஆனால் திருப்பியவுடன் பின்வரிசையில் ஒரு சலசலப்பு ஓடியது. எல்லோருக்கும் ஒரே வரிதான் நினைவுக்கு வந்தது. ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்த அந்த வரி பந்தலெங்கும் நாறியது.

கால்மணி நேரம் போயிருக்கும். ஐயர் நேரத்தைப் பார்த்தார். மச்சான் எழும்பிப் போய் அக்காவின் முன்னால் முழந்தாளில் இருந்தான்.

"மச்சாள், அம்மாவுக்காக ஒருக்காச் சொல்லி அழுங்கோ."

அக்கா முகத்தைத் திருப்பினாள். அவன் வந்து இறங்கியதிலிருந்து அவள் அவனை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"ஏன் நான்? நீர் என்னைவிட நல்லா அழுவீராம். லண்டனில எழும்பி நிண்டு கை தட்டினவையாம்."

"மச்சாள், அது சும்மா பகிடி..."

"ஓம், பகிடிதான். எல்லாரும் சிரிச்சவை. கொம்மாவும் சிரிச்சவ, நான் கஞ்சி பருக்கேக்க. நான் ஒண்டும் சொல்லேல்லை." குரல் உயரவில்லை. "இப்ப நீர் அழும், தம்பி. தாய் கிடக்கிறா. பெத்த பிள்ளை அழாமல் ஆர் அழுறது?"

அவன் பெட்டியின் விளிம்பைப் பிடித்தான். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை திறந்தான். வந்தது.

"ஐயோ என்ர அம்மா..."

அக்காவின் குரல். அவன் மேடையில் செய்கிற அக்கா. அதே மூக்கு இழுப்பு, அதே தலைச் சரிவு, நெற்றியில் அடிக்கிற அதே கை. பதினான்கு வயதில் தீவை விட்டுப் போனவனுக்கு, செத்தவீட்டில் எப்படி அழுவது என்று தெரிந்தது அது ஒன்றுதான். நான் சொல்லிக் கொடுத்தது. தன் தாயின் பிணத்துக்கு முன்னால் அவன் தன் பகிடியை எடுத்து வைத்தான். வேறு ஒன்றும் கையில் இல்லை.

பின்னால் ஒருத்தி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், குரங்கு இருமுவதுபோல. அது பரவியது. கூடாது கூடாது என்று தலையை ஆட்டிக்கொண்டே ஆண்களும் சிரித்தார்கள்.

அப்போது அவன் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவன் நிறுத்தினான். சிரிப்பு எழும்பி, உச்சிக்குப் போய், அடங்கும்வரை அழுகையை நிறுத்தி வைத்திருந்தான். முப்பது வருஷத் தொழில் அது. சிரிப்பின் மேல் அடுத்த வரியைப் போடக்கூடாது. கண்ணிலிருந்து தண்ணி ஓடிக்கொண்டிருந்தது, உண்மையான தண்ணி, மூக்கால் சளி வழிந்தது, ஆனாலும் வாய் இடம் பார்த்துக் காத்திருந்தது. அடங்கியதும் அடுத்த வரியை எடுத்தான். தான் செய்தது அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். முகம் கோணியது. நாய் வாந்தி எடுக்க முதல் முதுகை வளைக்குமே, அப்படி வளைந்தான். அதற்குப் பிறகு வந்த சத்தத்துக்கு ராகம் இல்லை.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சரியான இடத்தில் நிறுத்தினான் என்று என் மண்டைக்குள் ஒன்று மெச்சியது. அந்த ஒன்றைக் கையை விட்டுப் பிடுங்கி எறியலாம் என்றால் எறிந்திருப்பேன்.

அக்கா எழும்பினாள். மாமியின் வாயில் அரிசி போட்டாள். கன்னத்தில் ஒட்டியிருந்த ஒரு மணியை விரலால் எடுத்தாள். சேலைக் கரையை நேராக்கி, காலைத் தொட்டுக் கும்பிட்டு, படலையால் வெளியே போனாள். வேறு பெண்கள் தங்களுக்குள் எதையோ தொடங்கி, அரைகுறையாய் முடித்தார்கள். பறை அதை மூடியது.

சுடலையில் அவன் கொள்ளி வைத்தான். கடற்கரையில் முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு நான் அக்காவிடம் வந்தேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. குசினியில், நெருப்பில்லாத அடுப்புக்கு முன்னால் இருந்தாள்.

"எரிஞ்சு முடிஞ்சுதோ?"

"ஓம்."

"அவன்?"

"மண்ணில இருந்து குழறினவன். தூக்கிக்கொண்டு வந்தவை."

"ம்."

நின்றேன். வேட்டியிலிருந்து தண்ணி சொட்டி நிலத்தில் ஒரு வட்டம் விழுந்தது. "அக்கா, அந்தப் பவுடர்..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"படகடியில பாத்த அண்டைக்கே தெரியும். ஐயாவின்ர செத்தவீட்டண்டு அவன் லண்டனில இருந்தவன். கமராவுக்குப் பக்கத்தில நிண்டது நீ." சாம்பலை ஈர்க்குக்குச்சியால் கிளறினாள். "எனக்குப் பவுடர் பூசினது ஆரெண்டு எனக்குத் தெரியாதோ?"

இரண்டு வருஷம். ஒவ்வொரு மத்தியானமும் மீன்தலையை எனக்கு வைத்தாள். ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். சொல்ல வந்தது நல்ல வசனமாக இருந்தது, அதனாலேயே விழுங்கினேன்.

"நீ ஏன் கேக்கேல்லை அக்கா?"

"கேட்டா நீ வடிவாச் சொல்லுவாய். எனக்கு வடிவாச் சொல்லுறதைக் கேட்டுக் களைச்சுப் போச்சு." எழும்பி ஜன்னல் கதவைச் சாத்தினாள். "போனை எடுத்துக்கொண்டு வெளியில போ."

"போனை வெளியில வைச்சிட்டு வாறன்..."

"நீயும்தான். படலையடியிலயும் நிக்காதை. கேக்காத தூரம் போ."

"எதுக்கு?"

"மாமிக்குச் சொன்னனான் அழுவனெண்டு."

கதவு மூடியது. உள்ளே கொளுக்கி விழுந்தது. நான் ஒழுங்கைக்கு வந்து வேலியோடு நடந்தேன். இருபது அடி போயிருப்பேன், முதற்குரல் எழும்பியது. இரண்டு வருஷம் உள்ளே கிடந்த குரல். துருப்பிடித்து, உடைந்து, பிறகு திறந்து. முதல் சொல் என்னவென்று காது கூர்ந்தது. கால் நின்றது. நிற்கத்தான் செய்தது. இரண்டாவது சொல்லும் என் காதுக்கு வந்துவிட்டது. அதை நான் எழுதமாட்டேன்.

பிறகு நடந்தேன். சோளகக் காற்று அவளுடைய வீட்டுப் பக்கமிருந்து வீசியது. வளைவு தாண்டியும் கேட்டது. கோயில் கேணி தாண்டியும் கேட்டது. இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு, ஈர வேட்டி காலில் தட்ட, கேட்காத தூரம் எங்கே என்று தெரியாமல் நடந்துகொண்டிருந்தேன்.